காற்றுக்கும் பூட்டு வேண்டும்!

வீட்டுக்குப் பூட்டு உண்டு. பீரோவுக்குப் பூட்டு உண்டு. சைக்கிளுக்குக் கூடப் பூட்டு உண்டு.

கல்லூரியில் காற்று வழியாக வரும் இன்டர்நெட்டுக்குப் பூட்டு உண்டா?

"உண்டு" என்று சில கல்லூரிகள் சொல்லும். "அது எதற்கு?" என்று சில கல்லூரிகள் கேட்கும். பூட்டு இருக்கும் இடத்திலும், சாவி ஊரெல்லாம் சுற்றிக் கொண்டிருக்கும்!

இது என்ஜினீயர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம்.

சுவர் தடுக்காது

"வைபை" என்பது என்ன? அதுவும் ஒரு வகை ரேடியோதான். கூரையிலோ சுவரிலோ ஒரு சிறிய பெட்டியை மாட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியும், மாணவர் கையில் உள்ள செல்போனும், காற்றில் ரேடியோ அலைகள் மூலம் பேசிக் கொள்கின்றன. கம்பி கிடையாது.

கம்பி இல்லாதது வசதி. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

கம்பியில் போகும் செய்தியைத் திருட வேண்டும் என்றால், கம்பி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். ரேடியோ அலைக்கு அப்படி இல்லை. அது சுவரைத் தாண்டும். காம்பவுண்டைத் தாண்டும். எதிரே உள்ள டீக்கடை வரை போகும். வாட்ச்மேன் வாசலில் நிற்கிறார். ஆனால், காற்றில் வருகிறவனை அவர் எப்படித் தடுப்பார்?

மும்பையில் நடந்தது

2008-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி. ஆமதாபாத் நகரில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. 50-க்கு மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள்.

குண்டு வெடிக்கச் சில நிமிடங்களுக்கு முன்பு, டெலிவிஷன் நிலையங்களுக்கு ஒரு மிரட்டல் இ-மெயில் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று போலீசார் தேடினார்கள். நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றது தடம்!

அவர் அனுப்பினாரா? இல்லை. அவருடைய வீட்டு வைபைக்குள் யாரோ புகுந்து, அந்த இ-மெயிலை அனுப்பி விட்டார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி இன்னொரு இ-மெயில் வந்தது. இந்தத் தடவை தடம் எங்கே போய் நின்றது தெரியுமா? ஒரு கல்லூரியில்! மும்பை மாதுங்காவில் உள்ள கால்சா கல்லூரியின் வைபை அதற்குப் பயன்படுத்தப்பட்டு இருந்தது.

செப்டம்பர் 13-ந் தேதி டெல்லியில் குண்டு வெடித்தது. அப்போது வந்த இ-மெயில், மும்பை செம்பூரில் உள்ள ஒரு கம்பெனியின் வைபை வழியாக அனுப்பப்பட்டது.

இந்த மூன்று இடங்களில் இருந்தவர்களுக்கும் குண்டு வெடிப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் போலீசார் முதலில் அவர்கள் வாசலுக்குத்தான் போனார்கள். போகாமல் இருக்க முடியுமா? தடம் அங்கேதானே போய் நின்றது!

2009-ம் ஆண்டு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. வைபை உபயோகிப்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

யாரோ செய்த குற்றத்துக்கு நம் பிள்ளை பதில் சொல்லும் நிலைமை வரலாமா? வரக் கூடாது. அதற்குத்தான் பூட்டு.

பூட்டுகளின் கதை

வைபைக்குப் போட்ட முதல் பூட்டுக்கு "வெப்" என்று பெயர். அது 1997-ம் ஆண்டு வந்தது. நீண்ட நாள் தாக்குப் பிடிக்கவில்லை. 2001-ம் ஆண்டு புளூரர், மன்டின், ஷமிர் என்ற மூன்று நிபுணர்கள், அந்தப் பூட்டைத் திறக்கும் வழியை வெளியிட்டார்கள். 2007-ம் ஆண்டு ஜெர்மனி நாட்டு ஆராய்ச்சியாளர்கள், அதை ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள்.

ஆகவே புதிய பூட்டுகள் வந்தன. 2003-ல் "டபிள்யூ.பி.ஏ." 2004-ல் அதன் இரண்டாவது வகை. 2018-ல் மூன்றாவது வகை.

இரண்டாவது வகை நல்ல பூட்டுதான். அதிலும் ஓர் ஓட்டை இருப்பதை 2017-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டு நிபுணர் மேத்தி வான்ஹூப் கண்டுபிடித்தார். கம்பெனிகள் அந்த ஓட்டையை அடைக்க, "அப்டேட்" அனுப்பின. அதை வாங்கிக் கொண்ட போன்கள் தப்பித்தன.

பழைய போன்கள் என்ன ஆயின? அவற்றுக்குக் கம்பெனிகள் அப்டேட் அனுப்புவதை எப்போதோ நிறுத்தி விட்டன. அவற்றில் ஓட்டை அப்படியே இருந்தது!

இங்கேதான் கல்லூரிகளின் தலைவலி ஆரம்பம் ஆகிறது. பூட்டு புதிது. சாவித் துவாரம் பழையது. இரண்டும் பொருந்த வேண்டுமே!

ஊருக்கெல்லாம் ஒரே சாவி

பல கல்லூரிகள் என்ன செய்கின்றன? எல்லோருக்கும் ஒரே ஒரு ரகசியச் சொல்லைக் கொடுக்கின்றன. அதைத்தான் "பாஸ்வேர்டு" என்கிறார்கள்.

2 ஆயிரம் பேருக்குத் தெரிந்தது ரகசியமா?

முதல் நாள் அது நோட்டீஸ் போர்டில் இருக்கும். மறு நாள் வாட்ஸ்அப்பில் இருக்கும். ஒரு வாரத்தில் டீக்கடைக்காரருக்கும் தெரிந்து விடும். படித்து முடித்துப் போனவர்களுக்கும் தெரியும். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தெரியும். மாற்றலாம் என்றால், 2 ஆயிரம் பேரும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். அதற்குப் பயந்தே வருஷக் கணக்கில் மாற்றாமல் விட்டு விடுகிறார்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இரண்டாவது வகைப் பூட்டில், எல்லோருக்கும் ஒரே சாவி என்றால், பக்கத்தில் இருப்பவரின் செல்போன் இணையும் நேரத்தில் ஒருவன் ஒட்டுக் கேட்கலாம். அந்த ரகசியச் சொல்லும் அவனுக்குத் தெரிந்திருந்தால், அதற்குப் பிறகு அந்தப் போன் காற்றில் அனுப்புவதை அவன் பிரித்து விடலாம்.

"பாங்குக்குத் தனிப் பூட்டு இருக்கிறதே?" என்று கேட்கலாம். உண்மை. பாங்கு முதலிய பெரிய இணைய தளங்கள் தங்கள் செய்திகளுக்குத் தனியாகப் பூட்டு போட்டே அனுப்புகின்றன. ஆனால், எல்லா இடத்திலும் அந்தப் பூட்டு இருக்கிறது என்று சொல்ல முடியாது. பெட்டியைப் பூட்டி விட்டோம் என்பதற்காக, வீட்டைத் திறந்து போட்டு விட்டுப் போகிறோமா?

ரேஷன் கார்டு போல

அப்படியானால் என்ன வழி? ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சாவி கொடுக்க வேண்டும்.

ரேஷன் கார்டை எடுத்துக் கொள்ளுங்கள். தெருவுக்கு ஒரு கார்டு என்று கொடுத்தால் என்ன ஆகும்? யார் அரிசி வாங்கினார், யார் வாங்கவில்லை என்றே தெரியாது. அதனால்தான் குடும்பத்துக்கு ஒரு கார்டு. ஒருவர் கார்டு தொலைந்தால், அதை மட்டும் ரத்து செய்யலாம். மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

வைபையிலும் அந்த ஏற்பாடு உண்டு. மாணவர் தன் பெயரையும், தனக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லையும் கொடுப்பார். கல்லூரியில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் அதைச் சரி பார்த்து, உள்ளே விடும். படிப்பு முடிந்ததும் அந்த ஒரு சாவியை மட்டும் ரத்து செய்தால் போதும்.

இந்த ஏற்பாட்டை வைத்து உலகமே பாராட்டும் காரியம் ஒன்று நடந்திருக்கிறது. 2002-ம் ஆண்டு நெதர்லாந்து நாட்டில் கிளாஸ் வீரங்கா என்பவர் ஒரு யோசனை சொன்னார். "ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போனால், அங்கேயும் அவருடைய சொந்தச் சாவியே திறக்கட்டும்" என்பதே அந்த யோசனை.

அதுதான் "எஜுரோம்" என்று வளர்ந்தது. இன்று 100-க்கு மேற்பட்ட நாடுகளில் அது இருக்கிறது. இந்தியாவில் "எர்நெட் இந்தியா" அதை நடத்துகிறது. ஒரு நாட்டு மாணவர் இன்னொரு நாட்டுக்குப் போய் இறங்குகிறார். அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறார். செல்போன் தானாக இணைந்து விடுகிறது!

போலி வாட்ச்மேன்

தனிச் சாவி வந்து விட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. திருடனும் புத்திசாலி.

கல்லூரி வைபைக்கு ஒரு பெயர் இருக்கும். அதே பெயரில் திருடன் ஒரு பெட்டியை வைக்கலாம். செல்போனுக்குக் கண் கிடையாது. பெயரைப் பார்த்து, கல்லூரிதான் என்று நம்பி, ரகசியச் சொல்லைக் கொடுக்கப் போய்விடும்!

இதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. வாட்ச்மேன் சட்டையில் அடையாள அட்டை இருப்பது போல, கல்லூரிக் கம்ப்யூட்டருக்கும் ஓர் அத்தாட்சிப் பத்திரம் உண்டு. செல்போன் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். பிறகுதான் ரகசியச் சொல்லைக் கொடுக்க வேண்டும்.

ஆனால், நடந்தது என்ன? ஆண்டிராய்டு போன்களில் "சோதிக்க வேண்டாம்" என்று ஒரு வசதி இருந்தது. "அதைத் தொடுங்கள். சுலபமாக இணைந்து விடும்" என்று பல கல்லூரிகளே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தன!

2020-ம் ஆண்டு டிசம்பர் மாதம், கூகுள் தன் பிக்சல் போன்களில் அந்த வசதியை எடுத்து விட்டது. பல கல்லூரிகள் திண்டாடின. நேற்று வரை இணைந்த போன் இன்று இணையவில்லை!

கூகுள் செய்தது சரிதான். அடையாளம் கேட்காத பழக்கத்தை எப்போதாவது நிறுத்தத்தான் வேண்டும். வாட்ச்மேனின் அட்டையைப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என்ன படிப்பு?

பழைய போன் யாருடையது?

இனித்தான் முக்கியமான கேள்வி வருகிறது.

புதிய பூட்டுக்குப் பழைய கருவிகள் ஒத்து வருவதில்லை. டெலிவிஷன், பிரிண்டர், விளையாட்டுப் பெட்டி இவற்றில் பலவற்றுக்குப் பெயரும் ரகசியச் சொல்லும் கேட்கும் ஏற்பாடு புரியாது. பழைய போன்களுக்கு மூன்றாவது வகைப் பூட்டு தெரியாது.

பழைய கருவியால் மற்றவர்களுக்கும் கஷ்டம் உண்டு. ஒரு பெட்டியின் கீழ் உள்ள கருவிகள் மாறி மாறித்தான் பேச முடியும். பழைய கருவி மெதுவாகப் பேசும். அது பேசி முடிக்கும் வரை மற்றவை காத்திருக்க வேண்டும். ஒற்றைப் பாதையில் மாட்டு வண்டி முன்னால் போனால், பின்னால் வரும் பஸ் என்ன செய்யும்?

"பழைய கருவிக்காகப் பழைய பூட்டையே வைத்து விடலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. ஒரு வீட்டுக் கதவு சரியில்லை என்பதற்காக, தெருவில் உள்ள எல்லாக் கதவையும் கழற்றுவதா? பழைய பூட்டைப் போட்டால் புதிய போனின் வேகமும் குறைந்து விடும். வைபை விதிகளிலேயே அப்படி இருக்கிறது.

"பழைய போன் இருந்தால் வராதே. புதியது வாங்கு" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இது அதை விடப் பெரிய தவறு.

பழைய போன் யார் கையில் இருக்கிறது? பணக்கார வீட்டுப் பிள்ளை கையிலா? இல்லை. அண்ணன் உபயோகித்து, அக்காள் உபயோகித்து, கண்ணாடியில் கீறல் விழுந்த பிறகு, தம்பி கைக்கு வந்த போன் அது. அந்த வீட்டில் முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளையாகவும் அவன் இருக்கலாம்.

இன்று எது இன்டர்நெட்டில் இல்லை? உதவித் தொகைக்கு மனு அதில் போட வேண்டும். பரீட்சை முடிவை அதில் பார்க்க வேண்டும். பாடக் குறிப்பு அதில் வருகிறது. வேலைக்கு மனுவும் அதில்தான். "உன் போன் சரியில்லை" என்று அவனை வெளியே நிறுத்தினால், பாதிக் கல்லூரியை அவனுக்கு மூடி விட்டதாக அர்த்தம்.

நடு வழி உண்டு

பூட்டையும் தளர்த்தக் கூடாது. ஏழை மாணவனையும் தள்ளக் கூடாது. இரண்டும் முடியுமா? முடியும்.

பழைய கருவிகளுக்குத் தனியாக ஒரு வைபை வைக்கலாம். ஒரே பெட்டியிலிருந்தே இரண்டு பெயர்களில் வைபை கொடுக்க முடியும். மாணவர் தன் கருவியை அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கருவிக்கென்று ஒரு ரகசியச் சொல் தர வேண்டும். அந்த வழியாக இன்டர்நெட்டுக்குப் போகலாம். ஆனால், கல்லூரியின் கணக்குப் புத்தகத்துக்கும், மார்க்குப் பட்டியலுக்கும் போக முடியாதபடி தடுத்து விட வேண்டும். வீட்டுக்கு வருகிறவர் திண்ணையில் உட்காரலாம். உள் அறைக்குப் போக முடியாது. அந்த மாதிரிதான்.

இதற்குச் சில கல்லூரிகள் வேறு ஒரு தந்திரம் செய்கின்றன. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை மட்டும் எழுதி வைத்துக் கொண்டு, "இவர் நம் மாணவர்" என்று உள்ளே விடுகின்றன. அது போதாது. அந்த எண்ணைத் திருடன் காப்பி அடிக்கலாம். மேலும், 2019-ல் வந்த ஆண்டிராய்டு 10 முதலும், 2020-ல் ஐபோனிலும், போன்கள் தங்கள் உண்மையான எண்ணை மறைத்து, வைபைக்குத் தகுந்தபடி வேறு எண்ணைக் காட்டுகின்றன. ஆகவே அந்தப் பட்டியலை நம்ப முடியாது.

பழைய பூட்டை எடுக்கப் போவதாக இருந்தால், ஓர் ஆண்டுக்கு முன்பே சொல்ல வேண்டும். போன் வாங்க முடியாதவர்களுக்கு நூலகத்தில் நாலைந்து கம்ப்யூட்டர்களாவது வைக்க வேண்டும். மாலை 5 மணிக்கு அந்த அறையைப் பூட்டி விடக் கூடாது!

பணத்துக்கு எங்கே போவது?

"எங்கள் கல்லூரி சின்னது. பணம் இல்லை" என்று நிர்வாகிகள் சொல்லலாம்.

பெயரையும் ரகசியச் சொல்லையும் சரி பார்க்கும் "பிரீ ரேடியஸ்" என்ற சாப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. 1999-ம் ஆண்டு முதல் இருக்கிறது. பெரிய நிறுவனங்களே அதை உபயோகிக்கின்றன.

சாப்ட்வேர் இருக்கிறது. அதைப் பார்த்துக் கொள்ள ஆள்தான் இல்லை. கெமிஸ்டிரி பரிசோதனைச் சாலைக்கு ஓர் உதவியாளர் இருக்கிறார். தோட்டத்துக்கு ஓர் ஆள் இருக்கிறார். வைபைக்கு மட்டும், பாடம் நடத்தும் ஆசிரியரே ஓய்வு நேரத்தில் ஏணி போட்டு ஏற வேண்டுமா? அதற்கென்று ஒருவரை நியமிக்க வேண்டும். அது வீண் செலவு அல்ல.

ஒற்றர் வேலை வேண்டாம்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனிச் சாவி கொடுத்தால், யார் எப்போது உள்ளே வந்தார் என்று கல்லூரிக்குத் தெரியும். குற்றம் நடந்தால் கண்டுபிடிக்க அது உதவும். நிரபராதியைக் காப்பாற்றவும் உதவும்.

ஆனால், அந்தக் குறிப்பை வைத்துக் கொண்டு, "இந்தப் பெண் ராத்திரி எத்தனை மணி வரை விழித்திருந்தாள்? எந்த அறையில் இருந்தாள்?" என்று துருவக் கூடாது. சாவி கொடுத்தது காவலுக்கு. ஒட்டுக் கேட்பதற்கு அல்ல.

மக்களின் சொந்த விவரங்களைக் காப்பதற்கு, 2023-ம் ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டமே செய்திருக்கிறது. குறிப்பை எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்க்கலாம் என்பதைக் கல்லூரிகள் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி வைக்க வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது, கட்டணத்தைக் கேட்கிறோம். விடுதிச் சாப்பாட்டைக் கேட்கிறோம். இனி இந்த நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும்.

1. வைபைக்கு எல்லோருக்கும் ஒரே ரகசியச் சொல்லா? தனித்தனியா?

2. பழைய போன் வைத்திருக்கும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?

3. படித்து முடித்துப் போனவர்களின் சாவியை ரத்து செய்கிறீர்களா?

4. என் பிள்ளையின் குறிப்புகளை யார் பார்ப்பார்கள்?

மாணவர்களுக்கும் சில கடமைகள் உண்டு. தன் ரகசியச் சொல்லை உயிர் நண்பனுக்கும் சொல்லக் கூடாது. அவன் செய்யும் தவறுக்குத் தன் பெயர் வரும். போனுக்கு அப்டேட் வந்தால், தள்ளிப் போடாமல் ஏற்றுக் கொள்ள வேண்டும். "அத்தாட்சியைச் சோதிக்க வேண்டாம்" என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. போன் இணையவில்லை என்றால் வெட்கப்படாமல் அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும். "பழைய போன்" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கேட்பது மாணவனின் உரிமை. வழி செய்து கொடுப்பது கல்லூரியின் கடமை.

நல்ல பூட்டு என்பது திருடனுக்குத் திறக்காதது. அது மட்டும் போதாது. வீட்டுப் பிள்ளை வந்து நின்றால் அவனுக்குத் திறக்க வேண்டும். அவன் கையில் இருப்பது பழைய சாவியாக இருந்தாலும் சரி!